ஸ்பீல் 77, சூப்பர் 6: ஜேர்மன் லொட்டோச் சீட்டில் பலர் விடும் தவறுகள்

ஜேர்மனியில், 49 எண்களில் ஆறைத் தெரிவு செய்யும் ‘லொட்டோ 6 ஆவுஸ் 49’ விளையாடுகிறவர்களில் பலர், படிவத்தின் கீழே இருக்கும் ஸ்பீல் 77, சூப்பர் 6 கட்டங்களிலும் கையோடு கையாகப் புள்ளடி போட்டுவிடுகிறார்கள். அவை இரண்டும் தனி விளையாட்டுகள். நீங்கள் தெரிவு செய்த ஆறு எண்களை அவை கண்டுகொள்வதே இல்லை. சீட்டில் அச்சாகியிருக்கும் ஏழு இலக்கத் தொடர் ஒன்றுதான் அவற்றுக்குக் கணக்கு. லோஸ்நும்மர் என்பது அதைத்தான்.

இது தெரியாததால் வரும் முதல் தவறுதான் காசை நேரடியாகக் குப்பையில் போடுவது. ஆறு எண்களில் ஒன்றும் விழவில்லை என்றதும் சீட்டைக் கிழித்துவிடுகிறார்கள். ஸ்பீல் 77 இல் பத்துச் சீட்டில் ஒன்றுக்கு ஏதோவொரு பரிசு உண்டு. சூப்பர் 6 இலும் அப்படியே. லொட்டோவில் தோற்ற சீட்டு இங்கே வென்றிருக்கலாம்.

அடுத்தது, இலக்கங்களை இடமிருந்து ஒப்பிடுவது. கடைசி இலக்கத்தில் தொடங்கி வலமிருந்து இடமாக, இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். உங்கள் லோஸ்நும்மர் 4083716 என்று வையுங்கள். ஸ்பீல் 77 இல் 4083715 விழுந்தால் முதல் ஆறும் அச்சொட்டாக ஒத்திருந்தும் ஒரு சதமும் கிடையாது. 4083216 விழுந்தாலும் ஆறு இலக்கங்கள் சரிதான். ஆனால் வலப்பக்கத்தில் 16 க்குப் பிறகு தொடர் அறுந்துவிடுவதால் கிடைப்பது 17 யூரோ மட்டுமே. அதே வேளை 9253716 விழுந்தால், முன்பக்கம் முழுவதும் பிழையாக இருந்தும் 3716 பொருந்துவதால் 777 யூரோ. கடைசி ஓர் இலக்கத்துக்கு 5 யூரோ, மூன்றுக்கு 77, ஐந்துக்கு 7,777, ஆறுக்கு 77,777 யூரோ. ஏழும் பொருந்தினால் குறைந்தது 1,77,777 யூரோ. வெல்வார் இல்லாவிட்டால் இந்த முதற்பரிசு அடுத்த குலுக்கலோடு சேரும். நான்கு இலக்கம் பொருந்தியவருக்கு 777 உடன் 77, 17, 5 எல்லாம் கூட்டித் தரமாட்டார்கள். உயர்ந்த பரிசு ஒன்றுதான்.

சூப்பர் 6 க்கு அதே லோஸ்நும்மரின் கடைசி ஆறு இலக்கங்கள், மேலே உள்ள சீட்டில் 083716. ஆனால் வெற்றி எண்ணைத் தனியாகக் குலுக்குகிறார்கள். ஸ்பீல் 77 இன் முடிவைப் பார்த்துவிட்டு இதையும் முடிவு கட்டுவது பிழை. கடைசி ஓர் இலக்கம் முதல் ஆறும் பொருந்துவது வரை பரிசுகள் முறையே 2.50, 6, 66, 666, 6,666, 1,00,000 யூரோ. தொகைகள் நிலையானவை, இதில் எதுவும் சேர்ந்து பெருகாது. அதே கடைசி இலக்கம், இங்கே 6, லொட்டோவின் கூடுதல் எண்ணான சூப்பர்ட்சாலாகவும் வேலை செய்கிறது. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

செலவுக் கணக்கில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஸ்பீல் 77 க்கு 2.50 யூரோ, சூப்பர் 6 க்கு 1.25 யூரோ. இது ஆறு எண் கொண்ட வரிசைக்கு அல்ல, சீட்டுக்கு. பன்னிரண்டு வரிசை நிரப்பினாலும் ஒன்றே நிரப்பினாலும் அதே தொகை. லொட்டோ வரிசை ஒன்றின் விலை 1.20 யூரோ. புதன், சனி இரண்டுக்கும் நான்கு வாரம் என்று ஒரே வரிசை போட்டால் எட்டுக் குலுக்கல்: லொட்டோவுக்கு 9.60, ஸ்பீல் 77 க்கு 20, சூப்பர் 6 க்கு 10. ஆக 39.60 யூரோ, கடைக் கட்டணம் வேறு. கறிவேப்பிலைக்குக் கறியைவிட மூன்று மடங்கு கொடுத்த கதைதான். தங்கள் எண்களைப் பல சீட்டுகளில் பிரித்து எல்லாவற்றிலும் புள்ளடி போடுகிறவர்கள், பரிசு வாய்ப்போடு இந்தச் செலவையும் பெருக்கிக்கொள்கிறார்கள்.

“முதற்பரிசு கூடிவிட்டது, இந்தமுறை லாபம்” என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஏழு இலக்கமும் பொருந்துவது கோடியில் ஒன்று. ஆறு இலக்கத்தோடு நிற்பது ஏறத்தாழ பதினொரு இலட்சத்தில் ஒன்று. முதற்பரிசு அடிமட்டத்தில் இருக்கும்போது, 2.50 யூரோவுக்குச் சராசரியாகத் திரும்பி வருவது சுமார் 90 சதம். போட்ட காசு சராசரியிலாவது மீள வேண்டுமென்றால் முதற்பரிசு 1 கோடியே 60 இலட்சம் யூரோவைத் தாண்ட வேண்டும். சூப்பர் 6 இல் 1.25 யூரோவுக்குச் சுமார் 56 சதம், அது எப்போதும் மாறாது. விகிதத்தில் பார்த்தால், அடிமட்டத்தில் நிற்கும் ஸ்பீல் 77 ஐ விட இதுவே சற்று மேல்.

முன்னர் வராத இலக்கம் இனி வரும் என்று லோஸ்நும்மரைத் தேடித் தெரிவு செய்வதில் பயனில்லை. ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 9 வரை புதிதாகக் குலுக்கப்படுகிறது.

கடைசியாக, நிரப்பிய படிவத்தைப் பத்திரப்படுத்திவிட்டுப் பற்றுச்சீட்டைத் தொலைப்பவர்கள். பரிசு கேட்க உதவுவது கடையில் இயந்திரம் அச்சடித்துத் தரும் பற்றுச்சீட்டுத்தான், நீங்கள் புள்ளடி போட்ட தாள் அல்ல. அதைக் கையில் வாங்கியதும் லோஸ்நும்மர், ஸ்பீல் 77 க்கும் சூப்பர் 6 க்கும் எதிரே உள்ள ‘யா’ (ஆம்) அல்லது ‘நைன்’ (இல்லை), குலுக்கல் நாள், வார எண்ணிக்கை ஆகிய நான்கையும் அங்கேயே நின்று பாருங்கள். பிழை இருந்தால் கடையை விட்டு இறங்குமுன் சொல்லுங்கள்.