பழைய பயறின் மேல் புதிய பயறைக் கொட்டாதீர்கள்

போன வாரம் மாடி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகிறது. ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பச்சைப்பயறைப் பிரித்து, அடியில் இரண்டு கை பழைய பயறு கிடந்த டப்பாவில் கொட்டப்போனாள். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். அவள் வயதில் நானும் இதையேதான் செய்தேன்.

சமையல் பொருளை வீணாக்கும் தவறுகளில், லிஸ்ட் போடாமல் கடைக்குப் போவது, தள்ளுபடி என்றதும் அள்ளிக்கொண்டு வருவதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

டப்பாவைக் காலி செய்யாமல் நிரப்புவது

என் மாமியார் வீடு திருவாரூர்ப் பக்கம். சம்பா அறுப்புக்கு முன் வயலில் தெளித்து, பங்குனியில் எடுத்த பயறு எட்டுக் கிலோ அனுப்பியிருந்தார்கள். ஒரே சம்பளத்தில் குடும்பம் ஓடிய காலம் அது. பழைய பயறு கொஞ்சம் கிடந்த டின்னிலேயே எல்லாவற்றையும் கொட்டி மூடினேன். ஆனி மாதம் சுண்டலுக்கு எடுக்கக் கை விட்டபோது உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. விரலெல்லாம் மாவு. பயறு ஒவ்வொன்றிலும் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட ஓட்டை. தண்ணீரில் போட்டால் பாதிக்கு மேல் மிதந்தது. எட்டுக் கிலோவும் போயிற்று. மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

பயறு வண்டு முட்டையைப் பயறின் தோல்மேல் ஒட்டி வைக்கும். புழு பொரிந்ததும் உள்ளே துளைத்துக்கொண்டு போய், பருப்பைத் தின்று, வண்டாகி வெளியே வரும். நம் ஊர் வெயிலில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். ஒரு பெண் வண்டு நூறு முட்டை வரை இடும். அடியில் கிடக்கும் இரண்டு கைப் பயறு புதிய மூட்டையையே அழிப்பது இப்படித்தான். வேப்பிலை போட்டிருக்கிறேனே என்று இருந்துவிடாதீர்கள். பயறுக்குள் போய்விட்ட புழுவை அது ஒன்றும் செய்யாது.

மாடி வீட்டுப் பயறை முறத்தில் பரப்பி ஜன்னல் பக்கம் கொண்டுபோனோம். பழைய பயறில் அங்கங்கே வெள்ளைப் புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தது. அதுதான் முட்டை. "தூசின்னு நினைச்சேன் அக்கா" என்றாள். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பழையதைத் தனியாக எடுத்து முதலில் தீர்த்துவிடுங்கள். டப்பாவைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் காயவிடுங்கள். புதிய பயறை மெல்லியதாகப் பரப்பி நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். சூடு முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும்; சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். வெயில் இல்லாத வீடென்றால், பையை இறுக்கிக் கட்டி ஃப்ரீசரில் நான்கு நாள். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது, குளிர் போகட்டும்.

மூட்டையாக வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பூச்சிப் பொறி என்று ஒன்று உண்டு. துளை போட்ட குழாய், அவ்வளவுதான். தானியத்துக்குள் செருகி வைத்தால், காற்றைத் தேடி வரும் வண்டு துளை வழியே விழுந்து அடியில் மாட்டிக்கொள்ளும். பூச்சி வந்துவிட்டதா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கொத்தமல்லியைக் கழுவி ஃபிரிட்ஜில் வைப்பது

ஈரம்தான் அழுக வைக்கிறது. வேரை நறுக்கி, உலர்ந்த பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். கழுவுவது சமைக்கும்போது.

கண்ணளவில் அரிசி போடுவது

ஆழாக்கு வாங்குங்கள்.

தேங்காய் மூடி

கண் இருக்கும் மூடிதான் முதலில் கெடும். அதை முதலில் துருவுங்கள்.