டாஷ்ஹண்ட் நாயை அதன் வேட்டை மரபறிந்து பழக்கும் முறை

குட்டைக் காலும் நீண்ட உடலும் கொண்ட டாஷ்ஹண்ட் நாயை வளர்ப்போர் வழக்கமாகச் சொல்லும் குறைகள், அது ஓயாமல் குரைக்கிறது, தோட்டத்தைத் தோண்டிப் போடுகிறது, கூப்பிட்டால் காதில் வாங்குவதில்லை என்பவையே. இவை யாவும் ஜெர்மனியின் வனக்காவலர்களும் வேட்டைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக விரும்பித் தேர்ந்தெடுத்த குணங்கள்.

டாஷ்ஹண்ட், பேட்ஜரை வேட்டையாடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட நாய். பேட்ஜர் என்பது நிலத்தடியில் நீண்ட வளைகளைத் தோண்டி வாழும், வலிய நகங்களைக் கொண்ட இரவு விலங்கு. அதன் வளைக்குள் தனியாக இறங்கும் நாய்க்கு எசமானின் கட்டளை எட்டாது. முன்னேறுவதா பின்வாங்குவதா என்பதை இருட்டில் அதுவே முடிவு செய்தாக வேண்டும். மேலே நிற்பவர், மண்ணுக்கடியிலிருந்து வரும் குரைப்பைக் கொண்டே தோண்ட வேண்டிய இடத்தைக் கண்டுகொண்டார். அப்படிப்பட்ட நாயிடம் உடனடிக் கீழ்ப்படிதலை எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான். ஜெர்மனியில் இன்றும் இதன் உருவ வகைகளை மார்புச் சுற்றளவைக் கொண்டே பிரிக்கிறார்கள். மிகச் சிறிய வகை முயல் வளைக்குள் நுழைவதற்கென்றே உருவாக்கப்பட்டது.

ஆகவே, தோண்டுவதைத் தடுக்க முயலாமல், தோட்டத்தின் ஒரு மூலையில் மணல் கொட்டி, அதில் எலும்பையோ பொம்மையையோ புதைத்து வைத்து, அங்கே தோண்டும்போது மட்டும் பாராட்டுங்கள். குரைக்கும்போது பதிலுக்குக் கத்தினால், நீங்களும் சேர்ந்து குரைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளக்கூடும். சட்டென்று நிறுத்தும் கணத்தில் ஒரு துண்டு இறைச்சி கொடுப்பதே பலன் தரும்.

இதன் மூக்குக்கு வேலை கொடுப்பது எல்லாவற்றிலும் முக்கியம். காயம்பட்டு ஓடிய மானை இரத்தத் தடம் பற்றித் தேடும் பணிக்கு ஜெர்மன் வேட்டைக்காரர்கள் இந்நாயை இப்போதும் பயன்படுத்துகிறார்கள். அதற்கான தேர்வில் 1,000 மீட்டர் நீளமுள்ள, குறைந்தது 20 மணி நேரம் பழையதான தடத்தை அது பின்தொடர வேண்டும். வீட்டில் இதன் எளிய வடிவமே போதும். இறைச்சித் துண்டொன்றைக் கயிற்றில் கட்டிப் புல்தரையில் இருபது அடி தூரம் நேராக இழுத்துச் சென்று முடிவில் வைத்துவிட்டு, நாயை நீண்ட கயிற்றில் பிடித்தபடி தொடக்கத்திலிருந்து விடுங்கள். தடம் தவறினால் இழுத்துத் திருத்தாமல் நின்று காத்திருங்கள். மூக்கைத் தரையோடு தரையாக வைத்து வட்டமிட்டு அதுவே மீண்டும் பிடித்துக்கொள்ளும். பழகியபின் வளைவுகளைச் சேர்த்து, தடமிட்ட பிறகு காத்திருக்கும் நேரத்தையும் கூட்டலாம். திறந்த வெளியில் கயிற்றை அவிழ்க்க வேண்டாம். வாசனை கிடைத்தால் அது போய்க்கொண்டே இருக்கும்.

வளைக்கு ஏற்றதாயிருந்த குட்டைக் காலுக்கு ஒரு விலை உண்டு. கால்களைக் குறுக்கும் அதே மரபணு மாற்றம் முதுகெலும்பின் இடைத்தட்டுகளையும் இளவயதிலேயே கெட்டியாக்குவதால், அவை பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும் ஆபத்து இவ்வினத்தில் மிக அதிகம். சோபாவிலிருந்து குதிக்க விடாமல் சாய்பலகை வையுங்கள், எடை கூட விடாதீர்கள், தூக்கும்போது ஒரு கையை மார்புக்கடியிலும் மறுகையைப் பின்னங்கால்களுக்கடியிலும் கொடுத்து முதுகை மட்டமாகப் பிடியுங்கள். பின்னங்கால்கள் தள்ளாடினாலோ நாய் எழ மறுத்தாலோ மறுநாள் பார்க்கலாம் என்றிராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.