கார் ஸ்டீரியோ நின்றுவிட்டால் செய்யக்கூடாத தவறுகள்

கார் ஸ்டீரியோ திடீரென நின்றுவிட்டால், "செட் போய்விட்டது, புதிதாக மாற்றிவிடலாம்" என்ற தீர்ப்பு பெரும்பாலும் டேஷ்போர்டைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நின்றது மின்சாரமா, ஒலியா? திரையே எரியாவிட்டால் ஃபியூஸிலும், செட்டின் நெகட்டிவைக் காரின் உலோக உடலோடு சேர்க்கும் எர்த்திலும் தேடவேண்டும். திரை எரிந்தும் ஓசை வராவிட்டால் ஸ்பீக்கர் ஒயர்களையும், தனி ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதை இயக்கும் ரிமோட் ஒயரையும் பார்க்கவேண்டும். கோடை வெயிலில் வெகுநேரம் நின்ற காரில், சூடு தாங்காமல் செட் தானாகவே அணைந்து, குளிர்ந்த பிறகு மீண்டும் பாடுவதும் உண்டு. அதைப் பழுது என்று எண்ணிக் கழற்றத் தொடங்குவது வீண் வேலை.

அதிகமான தவறுகள் நடப்பது ஃபியூஸில்தான். ஸ்டீரியோவுக்கு ஒரே ஃபியூஸ் என்று நினைத்து, டேஷ்போர்டின் கீழுள்ள பெட்டியில் ஒன்றைப் பார்த்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பல கார்களில் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் லைனுக்கு ஒன்று, சாவியைத் திருப்பினால் வரும் லைனுக்கு ஒன்று என இரண்டு இருக்கும். பல செட்டுகளின் முதுகிலும் தனியாக ஒன்று இருக்கும். சாவி லைனின் ஃபியூஸ் சில கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் பொதுவானது என்பதால், செல்போன் சார்ஜரும் சேர்ந்து வேலை செய்யாமல் போயிருந்தால், சாக்கெட்டுக்குள் விழுந்த நாணயமோ மட்டமான சார்ஜரோ ஃபியூஸை எரித்திருக்கலாம். கண்ணால் பார்த்து "நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்வதும் சரியல்ல. சாவியைத் திருப்பிவைத்து, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும், மறுமுனையைக் காரின் உடலில் மாட்டிய டெஸ்ட் லாம்பை வைத்தால், இரண்டிலும் எரியவேண்டும்; ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போய்விட்டது என்று பொருள்.

எரிந்த 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸுக்குப் பதில் 20 ஆம்பியர் மஞ்சள் ஃபியூஸைச் செருகுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் ஆபத்தானவை. ஃபியூஸ் முதன்மையாகக் காப்பது ஒயரை. அது எரியாமல் நின்றால், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் எரியும்.

மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டியதும் மின்சாரம் சரி என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. துருப்பிடித்து ஒரே இழையில் தொங்கும் ஒயரும், செட் இணைக்கப்படாதபோது முழு வோல்ட்டைக் காட்டும். ஆகவே செட்டை இணைத்து, இயக்கிய நிலையில் அளக்கவேண்டும். அப்போதே அதன் கறுப்பு எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டும் எர்த்தை நம்பக்கூடாது.

வெளியில் வாங்கும் செட்டுகளில் பொதுவாக மஞ்சள் நிரந்தர லைன், சிவப்பு சாவி லைன். காரின் சொந்த ஒயர்கள் இந்த நிறங்களைப் பின்பற்றும் என்று எதிர்பார்க்கக்கூடாது. கார் ஸ்டீரியோக்களுக்கான ஐஎஸ்ஓ 10487 என்ற பொதுத்தர இணைப்பானில் (கப்ளரில்) 4-ஆம் பின் நிரந்தர லைன், 7-ஆம் பின் சாவி லைன் என்றாலும், சில கார்களில் இவை இடம் மாறியிருக்கும். சாவியை எடுத்ததும் நேரமும் எஃப்.எம். நிலையங்களும் அழிந்துபோவது அதன் அடையாளம். இரண்டையும் முறுக்கி நிரந்தர லைனில் சேர்த்துவிடும் குறுக்குவழி, அணைக்க மறந்த ஓர் இரவிலேயே பேட்டரியை இறக்கிவிடக்கூடும்.

ஒலி மட்டும் நின்ற காரில், கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் மடங்கும் ஒயர் அங்கேதான் அறுந்துபோகும். இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களிலுமே சிக்னல் உண்டு; எதுவும் எர்த் அல்ல. அறுந்த ஒயர் ஒன்று கதவின் தகட்டில் உரசினாலே பாதுகாப்புச் சுற்று வேலைசெய்து, நான்கு ஸ்பீக்கர்களும் அடங்கிவிடலாம். ஒயரை மிச்சம் பிடிக்க ஸ்பீக்கரின் நெகட்டிவை உடலில் இணைக்கும் பழைய வழக்கம், உள்ளிருக்கும் ஆம்ப்ளிஃபையர் சிப்பையே (ஐ.சி.) கொன்றுவிடக்கூடும்.

செட்டைக் கழற்றுமுன் பேட்டரியின் நெகட்டிவை எடுப்பது நல்லதுதான். ஆனால் கம்பெனி செட்டுகள் சில, மின்சாரம் துண்டிக்கப்பட்டால் திருட்டுத் தடுப்புக் குறியீட்டைக் கேட்கும். அதை முன்கூட்டியே தேடி வைக்காமல், வாய்க்கு வந்த எண்களை அழுத்தினால் பூட்டு மேலும் இறுகும். மஞ்சள் உறையிட்ட ஒயர்களும் கப்ளர்களும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் டெஸ்ட் லாம்பைக் குத்தவே கூடாது.

புதிய செட்டுக்குப் பணம் எடுப்பதற்கு முன், வெளிச்செட்டாக இருந்தால் அதைக் கழற்றி, மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவிலும், கறுப்பை நெகட்டிவிலும் இணைத்து, நன்றாக இருக்கும் ஸ்பீக்கர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். அங்கே பாடினால் குறை காரின் ஒயரிங்கில். அங்கேயும் மௌனம் என்றால்தான் செட்டைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று யோசிக்கவேண்டும்.