நீள வீட்டுக்கு மெஷ் வைஃபை: பெட்டியைப் பார்க்குமுன் கேபிளுக்கு வழி பாருங்கள்

எங்கள் வீடு கும்பகோணத்தில் பழைய தெரு ஒன்றில் இருக்கிறது. அகலம் 20 அடிதான். நீளமோ தெருத் திண்ணையிலிருந்து கொல்லைக் கிணறு வரை 110 அடி. ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர், கம்பத்திலிருந்து வயரை இழுத்து முதல் அறையிலேயே ஓஎன்டி பெட்டியை (ஃபைபரில் வரும் ஒளியை இணைய இணைப்பாக மாற்றித் தரும் பெட்டி) மாட்டிவிட்டுப் போய்விட்டார். கூடத்தில் அம்மாவின் தொடர் பாதியில் நின்று வட்டம் சுற்றும். கொல்லைப்பக்கம் மாடியில் பின்னாளில் கட்டிய காங்கிரீட் அறைதான் என் அலுவலகம். அங்கே சிக்னல் கோடு ஒன்று தெரியும். ஆனால் எந்த இணையப் பக்கமும் திறக்காது.

இதைச் சரிசெய்ய இரண்டு முறை பணத்தை வீணாக்கினேன். முதலில் சுவர் சாக்கெட்டில் செருகும் எக்ஸ்டெண்டர். ஒரே ரேடியோவால் வாங்கி, அதே ரேடியோவால் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகிவிடும் என்பது வாங்கிய பிறகுதான் புரிந்தது. அடுத்தது, விலை குறைவு என்று வாங்கிய மெஷ் ஜோடி, அதாவது வீட்டின் வெவ்வேறு இடங்களில் இருந்து ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் இரண்டு பெட்டிகள். அதன் கதை கீழே வருகிறது. மூன்றாம் முறைதான் சரியாக வந்தது. அந்த மூன்றாம் முறையில் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். ஆப் நிறுவுவது, கணக்குத் தொடங்குவது எல்லாவற்றையும் பெட்டியோடு வரும் தாளே சொல்லும் என்பதால் அவற்றைத் தொடவில்லை.

படி 1: குறை வைஃபையிலா, லைனிலா?

மடிக்கணினியை ஓஎன்டியில் நேரடியாகக் கேபிளால் இணைத்து வேகத்தைப் பாருங்கள். கட்டணம் கட்டும் வேகம் அங்கேயே வரவில்லை என்றால் மெஷ் எதையும் மாற்றாது. இணைப்பு தந்தவரைத்தான் பிடிக்க வேண்டும்.

அங்கே சரியாக வந்தால், ஓஎன்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் இருந்தது. வைஃபை அலைக்கு இரும்பும், நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும், தண்ணீர் நிறைந்த தொட்டியும் ஆகாது. பெட்டியை ஆறடி தள்ளி, பீரோ மறைக்காத உயரத்தில் வைத்ததும் கூடம் வரை ஓரளவு எட்டியது. இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் இருப்பவர்களில் பலருக்கு இந்த இடமாற்றமே போதும். அவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

படி 2: கைப்பேசியோடு ஒரு நடை

கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப்கள் சிக்னலை டிபிஎம் அளவில் காட்டும். ஐபோன்காரர்கள் ஏர்போர்ட் யுடிலிட்டியைப் போட்டு, அமைப்புகளில் அதன் வைஃபை ஸ்கேனரை இயக்கிக்கொள்ளலாம். எண் மைனஸில் வரும். சுழியத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 67 வரை காணொளிக் கூட்டம் தடங்கலின்றி ஓடும். மைனஸ் 75ஐத் தாண்டினால் பெயருக்குத்தான் இணைப்பு.

ஒரு தாளில் வீட்டை வரைந்து, அறைக்கு அறை எண்ணைக் குறித்தேன். இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, சுண்ணாம்புக் காரை போட்ட ஒன்றரை அடிச் சுவர், வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸை ஏறக்குறைய முழுங்கிவிடுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தட்டுத்தடுமாறி அந்தப் பக்கம் போகிறது. இன்னொன்று நான் எதிர்பாராதது. முற்றம்! மேலே திறந்து கிடக்கும் அந்த நடு இடத்தில் சிக்னல் தங்குதடையில்லாமல் பாய்கிறது. ரேழி ஓரத்தில் நின்றால் மைனஸ் 58. முற்றத்தைத் தாண்டி எதிர்த் தாழ்வாரத்திலும் மைனஸ் 63தான். வீடு கட்டியவர் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விட்ட இடம் எனக்கு வைஃபைக்கும் உதவியது.

முற்றம் இல்லாத வீடுகளில் மாடிப்படி இருக்கும் இடம் இப்படி உதவும். கம்பி கட்டிய காங்கிரீட் தளத்தைத் துளைத்துப் போவதைவிடப் படிக்கட்டுத் திறப்பு வழியாக ஏறுவது அலைக்கு எளிது.

படி 3: கேபிளுக்கு வழி இருக்கிறதா?

கடைக்குப் போகுமுன் இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள். மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இரண்டு வழிகள் உண்டு: காற்று அல்லது கேபிள். விளம்பரங்கள் காற்றைத்தான் காட்டும். ஆனால் உங்கள் கைப்பேசிக்குச் சேர வேண்டிய அலையிலேயே பெட்டிகளும் பேசிக்கொண்டால், இருவருக்கும் அது போதாது. இடையில் ஒரு கேபிள் ஓடிவிட்டால் காற்று முழுக்க உங்கள் கருவிகளுக்கே. சாதாரண கேட் 5இ கேபிள்கூட 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் கொண்டுபோகும். என் தேர்வு கேட் 6, முழுச் செம்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் விலை குறைவாகக் கிடைக்கும், அதைத் தொடாதீர்கள். வளைத்தால் உள்ளே முறியும்.

எங்கள் எலக்ட்ரீஷியன் மின்வயர் போகும் பைப்பிலேயே இதையும் விட்டுவிடலாம் என்றார். மறுத்துவிட்டேன். இரைச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். காப்புறை உரிந்து மின்சாரம் கேபிளில் ஏறினால் இரு முனையில் இருக்கும் பெட்டிகளும் போய்விடும், ஆளுக்கும் ஆபத்து. விட்டத்தை ஒட்டித் தனி பிவிசி பைப் போட்டோம். முற்றத்தைச் சுற்றி, வெளிச்சுவருக்குப் போகாமல், உள்பக்கமாகவே கொண்டுபோகச் சொன்னேன். ஐப்பசி இடி மின்னலில் வெட்டவெளியில் ஓடும் கேபிள் வழியாகப் போர்ட் (பெட்டியில் கேபிள் செருகும் துளை) எரிந்துபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: பெட்டியில் எதைப் படிக்க வேண்டும்

ஏஎக்ஸ்3000 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகத்தைக் கூட்டிப் போட்ட கணக்கு: 2.4இல் 574, 5இல் 2402 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்). ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் பொதுவாக ஒன்றில்தான் இருக்கும். உச்சம் என்பதும் ஆய்வுக்கூடத்துக் கணக்கு.

அந்த எண்ணைவிடப் போர்ட் முக்கியம். நான் இரண்டாவதாக வாங்கிய ஜோடியின் பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. போர்ட்டோ 100 எம்பிபிஎஸ். அது பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிவிட்டு நூறுக்குள் அடைந்து கிடந்தேன். ஆகவே ‘கிகாபிட்’ என்ற சொல் போர்ட் வரிசையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டிக்கு இரண்டு போர்ட்டாவது வேண்டும்.

கேபிள் போட முடிந்தவர்களுக்கு இரண்டு அலைவரிசைப் பெட்டியே போதும். வாடகை வீடு, துளை போடக் கூடாது என்பவர்கள்தான் மூன்று அலைவரிசைக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டும். அந்த மூன்றாவதைப் பெட்டிகள் தங்களுக்குள் பேச ஒதுக்கிக்கொள்ளும். வைஃபை 6 தலைமுறையே போதும். வைஃபை 7க்கு இப்போதே பணம் கொட்டுவதைவிட, அந்தக் காசில் நல்ல கேபிள் போடுங்கள்.

எத்தனை பெட்டி? கடைக்காரர் மூன்று தருவார், இரண்டு வாங்குங்கள். பெட்டிகள் நெருக்கமாக இருந்தால் அவற்றின் அலைகள் ஒன்றையொன்று இடிக்கும். தவிர, எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்பதைக் கைப்பேசிதான் முடிவு செய்கிறது. மெஷ் ஆலோசனை சொல்லலாம். கைப்பேசி கேட்க வேண்டுமே! பக்கத்தில் ஒன்று இருக்க, தூரத்துப் பெட்டியையே விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டிருக்கும்.

நான் முடிவில் வாங்கியது டிபி-லிங்க் டெக்கோ வரிசையில் ஓர் ஏஎக்ஸ்3000 ஜோடி. அக்சஸ் பாயின்ட் முறையிலும் (ரவுட்டர் வேலையை ஓஎன்டிக்கு விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும் முறை) மெஷ்ஷாக இயங்கும் என்பதுதான் காரணம். கூகுள் நெஸ்ட் வைஃபையில் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை மெஷ்ஷாக வைத்தால், ரவுட்டர் வேலையை இப்படி விட்டுவிடும் பிரிட்ஜ் முறை கிடைக்காது. இது ஏன் முக்கியம் என்று அடுத்த படியில் தெரியும்.

படி 5: என்னை இரண்டு நாள் அலைக்கழித்த இடம்

முதல் பெட்டியை ஓஎன்டிக்குப் பக்கத்தில் வைத்து இணைத்தேன். இரண்டாவதையும் அதே மேசையில் வைத்து ஆப்பில் சேர்த்துக்கொண்டேன். இது நல்ல பழக்கம், தூரத்தில் வைத்துச் சேர்க்க முயன்றால் பாதியில் அறுந்துவிடும். பிறகு அதைக் கொல்லைப்பக்க அறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அங்கிருந்து வந்த கேபிளின் முனையை ஓஎன்டியில் சும்மா இருந்த போர்ட்டில் செருகினேன். காலியாக இருந்தது, செருகினேன். அதுதான் தப்பு.

ஆப்பில் இரண்டாம் பெட்டி சில நேரம் ‘வயர்லெஸ்’ என்று வரும், சில நேரம் காணாமலே போகும். கேபிளைப் பழித்தேன், பெட்டியைப் பழித்தேன், நடுராத்திரியில் இரண்டையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அமைத்தேன். காரணம் இதுதான். ஓஎன்டியே ஒரு ரவுட்டர். தன்னோடு இணைபவர்களுக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி கொடுக்கிறது. மெஷ்ஷின் முதல் பெட்டியும் ரவுட்டர் முறையில் இருந்ததால், தனக்குக் கீழே 192.168.68 என்று வேறொரு குடும்பம் நடத்துகிறது. நான் இரண்டாம் பெட்டியை மாமியார் வீட்டில் செருகிவிட்டு, ஏன் அண்ணன் வீட்டுப் பந்தியில் காணவில்லை என்று தேடியிருக்கிறேன்.

தீர்வு இரண்டு. ஒன்று: ஓஎன்டியிலிருந்து முதல் பெட்டிக்கு ஒரே ஒரு கேபிள், இரண்டாம் பெட்டியின் கேபிள் முதல் பெட்டியின் இன்னொரு போர்ட்டில். இரண்டு: மெஷ்ஷை அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிடுவது. அப்போது முகவரி கொடுக்கும் வேலை முழுக்க ஓஎன்டிக்கே; மெஷ் பெட்டிகள் வெறும் வைஃபை கம்பங்கள். அப்போது இரண்டாம் பெட்டியை ஓஎன்டியிலேயே செருகினாலும் வேலை செய்யும். நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். ஓஎன்டியின் ரவுட்டர் வேலையை நிறுத்திவிடுவதும் ஒரு வழிதான், ஆனால் எங்கள் தரைவழித் தொலைபேசி ஓஎன்டியில்தான் இருக்கிறது. அதன் அமைப்பில் கைவைக்க மனம் வரவில்லை. குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு போன்ற சில வசதிகள் இந்த முறையில் கிடைக்காமல் போகலாம். அவை வேண்டுபவர்கள் ஓஎன்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரும்படி இணைப்பு தந்தவரிடம் கேளுங்கள். தொலைபேசி வேலை செய்யுமா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

எல்லாம் சரியான பிறகும் மாடி அறையில் வேகம் 94. எத்தனை முறை சோதித்தாலும் 93, 94. இந்த எண்ணைக் கண்டால் வைஃபையைத் திட்டாதீர்கள். எங்கோ கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். கிகாபிட்டுக்கு எட்டு இழைகளும் வேண்டும். நூறுக்கு நான்கே போதும். நூறுக்குத் தேவைப்படாத இழைகளில் ஒன்று சரியாகக் கடிபடவில்லை என்றால் பொதுவாக இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். நான் கிரிம்ப் செய்த (பிளக்கில் கடித்துப் பொருத்திய) முனையில் பழுப்பு இழை ஒன்று உள்ளே எட்டவில்லை. முனையை வெட்டி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் மீண்டும் கடித்ததும் 280ஐத் தாண்டியது. கையில் சிறிய கேபிள் டெஸ்டர் ஒன்று இருந்தால் இந்த அவதி இல்லை.

படி 6: பழைய வைஃபையை அணையுங்கள்

ஓஎன்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கைப்பேசிகள் பழைய பாசத்தில் அதையே பிடிக்கும். மெஷ்ஷுக்குப் பழைய பெயரையும் கடவுச்சொல்லையுமே கொடுத்தால் டிவி முதல் அம்மாவின் கைப்பேசி வரை ஒவ்வொன்றாகத் திரும்ப இணைக்கும் வேலை மிச்சம்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்துபார்த்த ஒருவருக்கு வைஃபை பல்பும் கேமராவும் இணையவில்லை. அந்த வகைக் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். டபிள்யூபிஏ3 பாதுகாப்பும் சிலவற்றுக்குப் புரியாது. மெஷ் ஆப்பில் ஐஓடி நெட்வொர்க் (இதுபோன்ற வீட்டுக் கருவிகளுக்கான வைஃபை) என்று தனியாக ஒன்றை 2.4இல், டபிள்யூபிஏ2இல் திறந்து அதில் சேர்த்தார், சரியாகிவிட்டது.

இன்னொருவர், கேபிள்தான் போட்டாகிவிட்டதே, மெஷ் எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் பழைய ரவுட்டர் இருந்தால் அதன் டிஎச்சிபியை (முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, முகவரியை ஓஎன்டியோடு மோதாதபடி மாற்றி, கேபிளை வான் போர்ட்டில் (இணைய இணைப்பு உள்ளே வரும் போர்ட்) செருகாமல் லான் போர்ட்டில் (வீட்டுக் கருவிகளுக்கான போர்ட்) செருகி, அதே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் முக்கால் பங்கு வேலை நடக்கும். நடந்துகொண்டே பேசினால் அழைப்பு ஒரு நொடி திணறலாம், அவ்வளவுதான்.

மின்வெட்டைப் பற்றி நான் முதலில் எழுத மறந்தேன். எங்கள் இன்வெர்ட்டரில் விளக்கும் விசிறியும் மட்டுமே இருக்கின்றன. ஓஎன்டிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்திருந்தேன். மின்சாரம் போனதும் அது உயிரோடு இருந்தது, மெஷ் பெட்டிகள் இரண்டும் அணைந்தன. இப்போது மூன்றுக்கும் தனித்தனி மினி யுபிஎஸ். வாங்குமுன் ஒவ்வொரு அடாப்டரின் முதுகிலும் வோல்ட்டும் ஆம்பியரும் என்ன என்று பாருங்கள். என் மெஷ் பெட்டிக்கு ஓஎன்டியைவிட அதிக ஆம்பியர் தேவைப்பட்டது, முதலில் வாங்கிய யுபிஎஸ்ஸைக் கடையில் திருப்பிக் கொடுத்து மாற்ற வேண்டியிருந்தது.