'ஐ வில் கால் யூ': யார் யாரைக் கூப்பிடுவது?

மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் ஒரு பையன் துணிக்கடையில் பில்லிங் வேலைக்கு இன்டர்வியூ போய்விட்டு நேரே வகுப்புக்கு வந்தான். என்னப்பா கேட்டாங்க, இங்கிலீஷிலேயே சொல்லு என்றேன். "தே ஆஸ்க்ட் மீ வாட் இஸ் யுவர் எக்ஸ்பெக்டேஷன். ஐ டோல்ட் ஐ வான்ட் ஃபிஃப்டீன் தவுசண்ட். மேனேஜர் செட் ஐ வில் கால் யூ" என்றான். யார் யாரைக் கூப்பிடப் போறாங்க என்று கேட்டால், "அவர்தான் சார் என்னைக் கூப்பிடுவார்" என்கிறான். அவன் சொன்ன இங்கிலீஷ்படி பார்த்தால் அவன் என்னைக் கூப்பிடப் போகிறான்! இத்தனைக்கும் முந்தின வாரம் ரிப்போர்ட்டட் ஸ்பீச், அதாவது ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தரிடம் எடுத்துச் சொல்கிற பயிற்சியில் பத்துக்குப் பத்து வாங்கியவன்.

தப்பு அவனுடையதில்லை, என்னுடையது. இங்கிலீஷ் சொல்லித்தருகிற நாம் எல்லோரும் டென்ஸில்தான் ஆரம்பிக்கிறோம், 'வில்' 'வுட்' ஆகும், 'இஸ்' 'வாஸ்' ஆகும், 'டுமாரோ' 'தி நெக்ஸ்ட் டே' ஆகும் என்று போர்டில் அட்டவணை போட்டுவிடுகிறோம், பிள்ளைகளும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிடுகிறார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு அடி விழுகிற இடம் அது இல்லை. "நான் கூப்பிடுறேன்னு சொன்னார்" என்று நாம் சொல்லும்போது அந்த 'ன்னு' அவர் பேசியதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடும், 'நான்' யார் என்பது இடத்தை வைத்துப் புரிந்துவிடும். இங்கிலீஷில் அந்த வசதி கிடையாது. இப்போது பேசுகிற வாயிலிருந்துதான் எல்லா 'ஐ'யையும் 'யூ'வையும் பார்க்க வேண்டும்.

அதனால் இப்போதெல்லாம் முதல் இரண்டு நாள் டென்ஸ் பேச்சே எடுப்பதில்லை. மூன்று பேரை வரிசையாக நிற்க வைக்கிறேன். முதல் ஆள் நடு ஆளின் காதில் ஒன்று சொல்ல வேண்டும், நடு ஆள் அதை மூன்றாவது ஆளுக்குச் சொல்ல வேண்டும், 'ஐ' என்றால் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, 'யூ' என்றால் எதிரே விரல் நீட்டி. விரல் தப்பான ஆளைக் காட்டும்போது அவர்களே நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

நாம் செய்கிற இன்னொரு தப்பு, டென்ஸை எப்போதும் மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லித்தருவது. அக்கா இன்னமும் பேங்கில்தான் இருக்கிறாள் என்றால் "மை சிஸ்டர் செட் ஷி வொர்க்ஸ் இன் எ பேங்க்" என்பதில் ஒரு பிழையும் இல்லை. காலையில் மேனேஜர் நாளைக்கு வாங்க என்றதை சாயங்காலம் வீட்டில் சொல்லும்போது 'டுமாரோ' 'டுமாரோ'வாகவே இருக்கலாம், நாளை இன்னும் வரவில்லையே. பரீட்சையில் மட்டும் மாற்றி எழுதுங்கள், இல்லாவிட்டால் மார்க் போகும் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இன்டர்வியூ என்றாலே கேள்விகள்தான். நாமோ முக்கால்வாசி நேரம் சாதாரண வாக்கியங்களை மாற்றச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கடைசியில் அவசரமாக முடிக்கிறோம். "ஹி ஆஸ்க்ட் மீ வேர் டு யூ லிவ்" என்று வந்து நிற்பது அதனால்தான். 'வேர் ஐ லிவ்ட்' என்று வரிசை நேராகிவிடும் என்பதை முதலிலேயே பழக்கலாம். "அனுபவம் இருக்கான்னு கேட்டார்" என்கிறோமே, அந்த 'இருக்கா'வில் இருக்கிற 'ஆ'தான் இங்கிலீஷில் 'இஃப்'. இதை ஒரு தடவை காட்டினால் போதும், மறக்க மாட்டார்கள். தமிழில் 'சொன்னேன்' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்பதால் 'ஐ டோல்ட் ஐ வான்ட்', 'ஹி செட் மீ' இரண்டும் வரும். 'டோல்ட்' என்றால் யாரிடம் என்பதும் கூடவே வர வேண்டும், 'செட்'டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

யாருமே சொல்லித்தராத ஒன்று, சொல்லின் கடைசியில் ஒட்டுகிற 'ஆம்'. "அவருக்கு வேலை போயிடுச்சாம்." இதை நம் ஆட்கள் "ஹி லாஸ்ட் ஹிஸ் ஜாப் இட் சீம்ஸ்" என்பார்கள். இந்தியாவுக்கு வெளியே ஒருவர் கேட்டால் இவரே ஊகித்துச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார். யாரோ சொல்லித் தெரிந்தது என்றால் 'ஐ ஹர்ட்' என்று ஆரம்பிப்பது நல்லது.

சரி, வேலைச் சொற்கள். டாக்டர், பைலட், பிளாக்ஸ்மித் என்று நாற்பது சொல்லை எழுதிப் போடுவதை விடுங்கள். வகுப்பில் ஒருத்தரின் அப்பா ஜேசிபி ஓட்டுகிறார், இன்னொருத்தரின் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், இவர்கள் அந்தப் பட்டியலில் எங்கே? வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு அங்கிருந்து ஆரம்பித்தால் சொற்கள் தானாக வரும். வினைச்சொல்லின் கடைசியில் 'ஈஆர்' (er) சேர்த்தால் அதைச் செய்கிற ஆள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நானே மாட்டியிருக்கிறேன், "மை மதர் இஸ் எ குக்கர்" என்றது ஒரு பெண். விசில் வருமா என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். சமைப்பவர் 'குக்', அடுப்பில் ஏறுவதுதான் குக்கர்.

'மை ஃபாதர் இஸ் டிரைவர்' என்பதில் விட்டுப்போகிற 'எ' நம் மொழியில் இல்லாத பொருள், திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 'ஹி இஸ் எ போலீஸ்' என்றும் வரும், அங்கே 'ஆபீசர்' சேர்க்க வேண்டும். 'வேலை' என்ற நம் சொல்லுக்குள் ஜாப், வொர்க் இரண்டும் அடங்கிவிடுவதால் 'ஐ ஹேவ் டூ வொர்க்ஸ்' வருகிறது. சம்பளத்துக்குப் பார்க்கிற இரண்டு வேலை என்றால் 'டூ ஜாப்ஸ்', கடைக்குப் போவதும் துணி துவைப்பதுமான இரண்டு வேலை என்றால் 'டூ திங்ஸ் டு டூ'. 'லீவு போட்டேன்' 'ஐ புட் லீவ்' ஆகிவிடுகிறது, அது 'ஐ டுக் லீவ்'.

இன்னொன்று, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டுமாவது சொல்லிவையுங்கள். 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2022' என்று நம் ஊர் எச்.ஆரிடம் சொன்னால் டிகிரி முடித்த வருஷம் என்று குறித்துக்கொள்வார். லண்டனில் சொன்னால், 2022ல் மயங்கி விழுந்தீர்களா, இப்போது பரவாயில்லையா என்று கேட்டாலும் கேட்பார்கள்.