உங்கள் ஊரில் பி.எம். கிசான் பணம் யாருக்குப் போகிறது? பார்ப்பதும் கேட்பதும் எப்படி

பி.எம். கிசான் திட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக வங்கிக் கணக்கில் ஏறுகிறது. யார் வாங்குகிறார்கள் என்ற ஊர்வாரிப் பட்டியலைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம்.

திட்டத்தின் இணையதளத்தில் விவசாயிகளுக்கான பகுதிக்குப் போய்ப் பயனாளிகள் பட்டியலைத் திறங்கள். மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராமம் என வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் வரும். பலர் கிராமத்தின் பெயரில்தான் திணறுகிறார்கள். குக்கிராமத்தின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. நில ஆவணமான சிட்டாவில் உள்ள வருவாய்க் கிராமத்தின் பெயரைத் தேடுங்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். இனிஷியல் முன்னும் பின்னும் மாறும், ஒரே பெயருக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் இருக்கும். ஒரு தேடலில் சிக்கவில்லை என்பதற்காக அவர் பட்டியலில் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

அடுத்து, யாருக்குத் தகுதி இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். வருமான வரி கட்டுபவர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர்கள், அரசு ஊழியர்கள் (இவ்விரண்டிலும் நான்காம் நிலை ஊழியர் தவிர), தொழில் செய்துவரும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், எம்.எல்.ஏ., எம்.பி. ஆகியோர் வாங்க முடியாது. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம். 1.2.2019-க்குப் பிறகு நிலம் வாங்கியவருக்குக் கிடையாது, வாரிசாக வந்த நிலம் என்றால் உண்டு. ஆகவே புதுப் பட்டாவைப் பார்த்ததும் முறைகேடு என்று சொல்லிவிடாதீர்கள். குத்தகைக்கு உழுபவர் பெயரில் பட்டா இல்லாததால் அவருக்கு ஒரு ரூபாயும் வராது. திட்டத்தின் பெரிய குறை இதுதான்.

2020-இல் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டது வெளியே வந்து, மாநிலக் காவல்துறையின் சி.பி.சி.ஐ.டி. பிரிவு விசாரித்தது. ஊரில் நாலு பேர் பட்டியலைப் படித்தாலே நிலமில்லாதவர் பெயர் கண்ணில் பட்டுவிடும்.

பட்டியலில் தெளிவு கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம். கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. 'முறைகேடு நடந்ததா' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: 'இன்ன வருவாய்க் கிராமத்தில் 2024-25-இல் தவணை பெற்றவர்களின் பெயர், ஒவ்வொருவருக்கும் வழங்கிய தொகை, தகுதி நீக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, திரும்ப வசூலான தொகை.' ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண்ணைக் கேட்கவே வேண்டாம். அவை தனிநபர் விவரம், மனுவை மறுக்க அதையே காரணமாகக் காட்டக்கூடும். மானியத் திட்டங்களின் பயனாளி விவரத்தை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்று சட்டத்தின் 4(1)(பி) பிரிவின் 12-ஆம் உட்பிரிவு சொல்கிறது. அதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். தனிநபர் தகவலுக்கு விலக்கு தரும் 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுத்தால், பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2)-ஐ மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தபால் ரசீதை வைத்திருங்கள், அது இல்லாமல் நாள் கணக்கை நிரூபிக்க முடியாது.

கிடைத்த பட்டியலைக் கிராம சபையில் வாசிக்கச் சொல்லி மனு கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும்.