விஷ்ணுபூருக்குப் போனால் முதலில் சுவரைப் பாருங்கள், அப்புறம் சேலை வாங்குங்கள்

முதல் தடவை கொல்கத்தாவுக்குப் போனபோது அங்கே ஒரு கடையில் 'அசல் பாலுச்சரி' (முந்தானையில் உருவங்கள் நெய்த வங்காளப் பட்டு) என்று சொல்லி விற்ற ஒரு சேலையும் ஒரு சுடுமண் குதிரையும் வாங்கி வந்தேன். சேலையை அம்மா இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு "இது பட்டே இல்லடா" என்றார். குதிரைக்கு வீட்டில் பெட்டியைத் திறக்கும்போது ஒரு காது இல்லை. அந்த எரிச்சலில்தான் அடுத்த தடவை இவையெல்லாம் எங்கே செய்யப்படுகின்றனவோ அங்கேயே போய்விடுவது என்று கிளம்பினேன். போய்வந்த பிறகு நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே மொத்தமாக.

ஊர் விஷ்ணுபூர், மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டம். வங்காளிகள் வாயில் வகரம் பகரமாகிவிடும், ரயில் சீட்டு தேடும்போது பிஷ்ணுபூர் என்று தேடுங்கள். நாங்கள் இருக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கொல்கத்தாவுக்கு நேரடி விமானம் சுமார் 4 மணி நேரம், கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். சிங்கப்பூர்க் கடப்பிதழ் என்றால் இந்திய இ-விசா வேண்டும். கொல்கத்தாவிலிருந்து ரயிலில் சுமார் 200 கிலோமீட்டர், மூன்றரை முதல் 4 மணி நேரம். காலையில் கிளம்பும் ரூபசி பங்களா விரைவு ரயில் வசதி. ஒன்று மட்டும் கவனம்: இந்த வழியில் சில ரயில்கள் ஹௌராவிலிருந்தும், சில சாந்த்ராகாச்சியிலிருந்தும், சில ஷாலிமாரிலிருந்தும் கிளம்பும். சீட்டில் என்ன நிலையம் போட்டிருக்கிறது என்று பார்க்காமல் வாடகை வண்டிக்காரரிடம் "ஹௌரா" என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம்.

போக நல்ல காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, நம் பிள்ளைகளின் ஆண்டு இறுதி விடுமுறைக்குச் சரியாகப் பொருந்தும். டிசம்பர் கடைசி வாரத்தில் விஷ்ணுபூர் மேளா நடக்கும், கைவினைஞர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், ஆனால் அறை கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிந்துவிடுங்கள். மே மாதம் போகிறேன் என்று சொல்பவர்களுக்கு நான் பொறுப்பில்லை. கொல்கத்தாவிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்றும் சொல்வார்கள், கேட்காதீர்கள். இரண்டு இரவு தங்குங்கள். ஊருக்குள் சுற்ற டோட்டோ என்கிற மின் ரிக்‌ஷாவை அரை நாளுக்கோ ஒரு நாளுக்கோ பேசிக்கொண்டால் போதும்.

இறங்கியதும் கடைக்கு ஓடாதீர்கள், முதல் நாள் முழுக்கக் கோயில்தான். நான் பக்திக்காகச் சொல்லவில்லை. இந்த ஊர்ச் சேலையின் முந்தானையில் நெய்திருக்கும் தேர், வில், குதிரை வீரன் எல்லாம் கோயில் சுவரில் இருப்பவைதான். சுவரைப் பார்த்துவிட்டுப் போனால் கண் பழகிவிடும், கடைக்காரர் எடுத்துப் போடும் சேலையில் எது கவனமாக வரையப்பட்டது, எது ஏனோதானோ என்று உங்களுக்கே தெரியும்.

ராஸ்மஞ்சாவிலிருந்து தொடங்குங்கள். இந்த ஊரை ஆண்ட மல்ல வம்சத்து அரசர் பீர் ஹம்பீர் 1600 வாக்கில் கட்டியது. செம்பூராங்கல் மேடை, அதன்மேல் பிரமிடு மாதிரிக் கூரை, உள்ளே வளைவு வளைவாகச் சுற்றுப்பாதை. இது கோயில் இல்லை, கிருஷ்ணரின் ராசலீலையைக் கொண்டாடும் ராஸ் விழாவின்போது ஊரிலுள்ள ராதா கிருஷ்ண விக்கிரகங்களை எல்லாம் கொண்டுவந்து வைக்கும் மண்டபம், 1932 வரை அந்த வழக்கம் இருந்தது. இந்த அரசரைப் பற்றி ஒரு கதை உண்டு: பிருந்தாவனத்திலிருந்து வந்த மாட்டு வண்டிகளில் புதையல் இருக்கிறது என்று நினைத்து அவருடைய ஆட்கள் கொள்ளையடித்தார்களாம், பெட்டியைத் திறந்தால் உள்ளே வைணவ ஏடுகள். ஏட்டைத் தேடி வந்த ஸ்ரீநிவாச ஆசாரியரிடமே அரசர் சீடராகிவிட்டார். கொள்ளையில் ஆரம்பித்த பக்தி, அதற்கப்புறம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஊரெல்லாம் கோயிலாக எழும்பியது.

நம் ஊர்க் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். கோபுரம் இல்லை, கருங்கல் இல்லை, எல்லாம் உயரமும் கம்மி. வங்காளம் வண்டல் மண் பூமி, கட்டுவதற்குக் கல் கிடைப்பது அரிது, ஆகவே செங்கல்லைச் சுட்டார்கள், மேலே ஒட்டும் சிற்பப் பலகையையும் களிமண்ணிலேயே செதுக்கிச் சுட்டார்கள். கூரையைப் பாருங்கள், இரண்டு பக்கமும் வில்லாக வளைந்து இறங்கும். அது மூங்கில் வளைத்துக் கூரை வேய்ந்த குடிசையின் வடிவம், மழைத்தண்ணீர் வழிந்தோட ஏழை செய்த ஏற்பாட்டைச் சாமிக்கும் செய்திருக்கிறார்கள். ஜோர்பங்களா என்ற கோயிலுக்கு அர்த்தமே 'ஜோடிக் குடிசை' என்பதுதான்: இரண்டு குடிசைகளை ஒட்டவைத்து நடுவில் ஒரு சிறு சிகரம்.

ஷ்யாம்ராய் 1643, ஜோர்பங்களா 1655, இரண்டும் மல்ல அரசர் ரகுநாத சிம்மர் கட்டிய கோயில்கள். இந்த இரண்டுக்கும் தலா ஒரு மணி நேரமாவது கொடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது போனால்தான் புடைப்பு தெரியும், நடுப்பகலில் சுவர் தட்டையாகிவிடும். பார்க்கிற முறை: கண்ணை முதலில் கீழே இறக்குங்கள். அடிவரிசையில் வேட்டை, யானை, படகு, வாத்துக் கூட்டம் என்று அன்றாட உலகம் ஓடும், மேலே போகப்போகப் புராணம். ஷ்யாம்ராயில் வட்டம் வட்டமாகக் கோபியர் ஆடும் ராசமண்டலத்தைத் தவறவிடாதீர்கள். ஜோர்பங்களாவில் அம்புப் படுக்கையில் பீஷ்மரைத் தேடுங்கள், உள்ளங்கை அகலத்துக்குள் ஒரு போர்க்களமே கிடக்கும். பிடித்தவற்றைக் கைப்பேசியில் எடுத்து வையுங்கள், மறுநாள் வேலைக்கு ஆகும். ராஸ்மஞ்சாவில் வாங்கும் சீட்டே இந்த இரண்டுக்கும் செல்லும், கசக்கி எறிந்துவிடாதீர்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தால் இந்தியர் கட்டணம்தான், அட்டையை ஹோட்டல் அறையில் வைத்துவிட்டு வராதீர்கள் (நான் வைத்துவிட்டு வந்தேன்).

மதன்மோகன் கோயில் 1694. மற்றவை பெரும்பாலும் தொல்லியல் துறைப் புல்வெளி நடுவே சும்மா நிற்க, இங்கே பூசை நடக்கிறது. பின்னாளில் கடன் நெருக்கிய அரசர் மதன்மோகனையே கொல்கத்தா பாக்பஜார்ப் பணக்காரர் ஒருவரிடம் அடகு வைத்தார், மூலவர் திரும்பவே இல்லை என்று சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துப் பார்த்திருக்கிறோம், சாமியையே வைத்தவரை இங்கேதான் கேள்விப்பட்டேன்.

இந்தக் கோயில் இருப்பது சங்கறுப்பவர்கள் தெருப்பக்கம். கல்யாணமான வங்காளிப் பெண்கள் போடும் வெள்ளை வளையல் சங்கை அறுத்துச் செய்வது. நக்கீரர் குலத்தொழில் என்று கதையில் வருமே, அதே சங்கறுப்பு. அந்தச் சங்கு காலங்காலமாகத் தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலில் நம் ஆட்கள் குளித்து எடுத்து வடக்கே அனுப்பியது. வங்காளத்தில் கடல் இருக்கிறது, ஆனால் வளையலுக்கு ஆகிற கெட்டிச் சங்குக்குத் தெற்கைத்தான் நம்ப வேண்டும். இதை அங்கே ஒரு பட்டறைக்காரரிடம் அரைகுறை இந்தியில் சொன்னேன், "துத்திகோரின்!" என்று முகம் மலர்ந்து தேநீர் வரவழைத்துவிட்டார்.

இரண்டாம் நாள் காலையில் நெசவுக்குப் போகலாம். பாலுச்சரி இந்த ஊரில் பிறந்தது இல்லை. முர்ஷிதாபாத் பக்கம் பாலுச்சர் என்ற ஊரில் நவாபுகள் காலத்தில் நெய்தது, அதனால்தான் பழைய சேலைகளில் ஹூக்கா பிடிக்கும் நவாபும் ரயிலில் போகும் வெள்ளைக்காரரும் இருப்பார்கள். துப்ராஜ் தாஸ் என்ற நெசவாளர் ஓவியர் மாதிரித் தான் நெய்த சேலையில் தன் பெயரையும் நெய்துவிடுவாராம். அவரோடு அந்தக் கலை ஏறக்குறைய நின்றுபோனது. 1950களில் சுபோ தாகூர் என்ற ஓவியரின் முயற்சியில் அக்ஷய் குமார் தாஸ் விஷ்ணுபூரில் துளையிட்ட அட்டைகளை வைத்து உருவம் நெய்யும் ஜக்கார்டு தறியில் அதை மறுபடி எழுப்பினார், நவாபு போய்க் கோயில் சுவர் முந்தானைக்கு வந்தது அப்படித்தான்.

வாங்கும்போது இதையெல்லாம் பாருங்கள். பாலுச்சரியில் உருவங்கள் பட்டு நூலிலேயே இருக்கும், ஜரிகை இருந்தால் அது ஸ்வர்ணசரி, விலை கூடுதல். இரண்டு மூன்று நிறம் கலந்திருந்தால் மீனாகரி என்பார்கள். காஞ்சிபுரத்தின் கனத்தை எதிர்பார்க்காதீர்கள், இது மெல்லியது, உடம்போடு விழும். முந்தானைக் கட்டத்தில் ஒரு முகத்தைக் கூர்ந்து பாருங்கள், மூக்கும் கண்ணும் விரலும் பிரிந்து தெரிய வேண்டும், நேற்று எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. பட்டு முத்திரைச் சீட்டு கேளுங்கள். சந்தேகம் என்றால் நுனியிலிருந்து ஒரு நூலை உருவித் தரச் சொல்லிக் கொளுத்துங்கள்: முடி கருகும் நாற்றமும் நொறுங்கும் சாம்பலும் வந்தால் பட்டு, உருகி மணியாகத் திரண்டால் நான் முதல் தடவை வாங்கிய சேலை. முடிந்தால் தறி இருக்கும் வீட்டிலேயே வாங்குங்கள். ஒரு சேலைக்கு இரண்டு பேர் ஒரு வாரமோ அதற்கு மேலோ உட்கார்கிறார்கள், அதைப் பார்த்த பிறகு சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் பேசுகிற மாதிரி பாதி விலைக்குப் பேரம் பேச வாய் வராது.

தசாவதாரச் சீட்டுக்கட்டும் இங்கேதான். வட்டச் சீட்டுகள், அவதாரத்துக்கு 12 வீதம் 120. பழந்துணியை அடுக்கடுக்காகப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, பின்பக்கம் அரக்குப் பூசிக் கையால் வரைகிறார்கள். ஃபௌஜ்தார் குடும்பத்தினர்தான் தலைமுறைகளாகச் செய்கிறார்கள். முழுக்கட்டு விலை அதிகம், பத்து அவதாரம் மட்டும் அடங்கிய தொகுப்பும் தருவார்கள், சட்டம் போட்டு மாட்ட அதுவே போதும்.

சுடுமண் குதிரைக்குப் பஞ்சமுரா என்ற ஊருக்குப் போக வேண்டும், வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். குயவர் தெரு முழுக்க வாசலில் குதிரை. ஐயனார் கோயில் புரவி பார்த்தவர்களுக்கு இது ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் மாதிரி இருக்கும்: அதே நேர்த்திக்கடன், ஆனால் கழுத்து நீளம், காது இலை மாதிரி. கால், உடல், கழுத்து, முகம் என்று தனித்தனியாகச் சக்கரத்தில் வனைந்து ஒட்டுகிறார்கள். சூளையில் புகை வெளியேற விட்டால் சிவப்பு, துவாரங்களை அடைத்துப் புகையை உள்ளேயே சுற்றவிட்டால் கறுப்பு, சாயம் எதுவும் இல்லை. ஈர விரலால் தேய்த்து நிறம் ஒட்டினால் அது பூச்சு, வைத்துவிடுங்கள். விரல் முட்டியால் தட்டினால் 'ணங்' என்று கேட்க வேண்டும், 'தொப்' என்றால் சரியாக வேகவில்லை அல்லது விரிசல். நேரமிருந்தால் பாங்குரா நகரத்தை ஒட்டிய பிக்னாவில் டோக்ரா வார்ப்பும் பார்க்கலாம், நம் சுவாமிமலை மாதிரி மெழுகு வார்ப்புதான், எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

யாராவது ரகசியமாகக் "கோயில் சுவரிலிருந்து வந்த பழைய பலகை" என்று நீட்டினால் தொடவே தொடாதீர்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை இந்தியாவிலிருந்து கொண்டுவர முடியாது, பொய் என்றால் காசு போச்சு, மெய் என்றால் மானமும் போச்சு. இன்னொன்று, அந்த ஊர்ச் சாப்பாட்டில் கசகசா அரைத்த உருளைக்கிழங்கு, ஆலு போஸ்தோ, தவறவிடக் கூடாதது. ஆனால் ருசியில் மயங்கி ஒரு பொட்டலம் கசகசா வாங்கிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள், மத்தியப் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் பட்டியலில் இருக்கிறது. சிங்கப்பூரை விட்டு 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தால், வாங்கி வருவதில் 500 சிங்கப்பூர் வெள்ளி வரை பொருள் சேவை வரி இல்லை, வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. சேலை இரண்டு வாங்கினால் தாண்டிவிடலாம், ரசீதைக் கையில் வைத்திருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நம் ஊர் ஈரக்காற்றுதான் எதிரி. சேலையைப் பிளாஸ்டிக்கில் போடாமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றுங்கள். சீட்டுகளுக்கிடையே வெண்ணெய்த்தாள் வையுங்கள், இல்லாவிட்டால் அரக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். குதிரையை வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டு நடைபாதையில் வைத்தால் சாரல் அடித்துப் பாசி பிடிக்கும், கூடத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

அப்புறம் அந்தக் காது விஷயம். பஞ்சமுராக் குதிரையின் காதும் வாலும் தனியாகச் செய்து துளையில் செருகுபவை, கழற்றலாம். முதல் தடவை எனக்கு இது தெரியாது, கடைக்காரரும் சொல்லவில்லை. கழற்றி ஒவ்வொன்றையும் காலுறைக்குள் போட்டு, குதிரையின் வயிற்றுக்குள் துணி திணித்து, கைப்பெட்டியில் கொண்டுவாருங்கள். இரண்டு குதிரை வாங்கினால் எந்தக் காது எந்தக் குதிரைக்கு என்று அடியில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கையால் செய்ததாயிற்றே, துளைகள் ஒரே அளவில் இருக்காது. என் வீட்டில் நிற்கும் சின்னக் குதிரைக்குப் பெரியதன் வால்தான், ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கிறது.